மரத்தில் வெட்டிய படமும் உலோகத்தில் வார்த்த தமிழும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதை பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். என்னைப் பேச அழைத்த நண்பரும் அப்படித்தான் எண்ணியிருப்பார். நானோ பதினாறே பக்கங்கள் கொண்ட ஒரு சிறு நூலைப் பற்றியும், அதன் பின்னே வந்த ஒரு பெருநூலைப் பற்றியும் பேச எழுந்திருக்கிறேன். இரண்டும் உரைநடை; இரண்டும் சமய நூல்கள். நம் கரையில் வாழ்ந்த மக்களுக்காக, நம் கரையின் தமிழில் உருவானவை. இன்று அவற்றின் மூலப்படி ஒன்றுகூட இந்தக் கரையில் இல்லை.

சிறு நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சேறிய நூல்களுள் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் இதுவே. தமிழ் முதலில் அச்சேறியது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம், பேசலாம். ஆனால் அந்த நூலின் முதற்பக்கம் எப்படி இருந்தது என்று பேசுவோரைக் கேட்டால் பலர் விழிப்பர். நானும் நெடுங்காலம் விழித்தவன்தான். அதன் நிழற்படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது என் கண் எழுத்தின் மேல் விழவில்லை. முகப்பில் ஒரு படம் இருந்தது. கண் அங்கேயே நின்றுவிட்டது. பிதா, சுதன், தூய ஆவி என்னும் திரித்துவத்தைக் காட்டும் மரச்செதுக்குப் படம் அது. அதனோடு நூலின் தலைப்பு போர்த்துக்கீசியத்திலும் தமிழிலும். தமிழ் அச்சின் முதற்பக்கம் எழுத்தாக மட்டும் பிறக்கவில்லை, படத்தோடு பிறந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இன்றைய உரை முழுவதும் அந்த உணர்விலிருந்து கிளைத்ததே.

மரச்செதுக்குப் படம் என்பது என்ன என்று சிறிது விளக்கிவிடுகிறேன். நம் கவிஞர்களில் சிலர் ஓவியர்களுங்கூட, அவர்கள் பொறுத்தருள்க. வழவழப்பாக இழைத்த பலகையின்மேல் படத்தை வரைந்துகொள்கிறார்கள். கோடு நிற்க வேண்டும், கோடல்லாத இடமெல்லாம் போக வேண்டும். கூரிய கத்தியால் வெள்ளையாக வரவேண்டிய பகுதியை வெட்டி அகற்றுகிறார்கள். எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளை அழுத்தினால் படம் கிடைக்கிறது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்தப் பலகையை அச்செழுத்தின் உயரத்துக்கு இணையாக அறுத்துவிட்டால், எழுத்துக்கட்டையோடு சேர்த்து ஒரே சட்டத்தில் இறுக்கிவிடலாம். ஒரே மை, ஒரே அழுத்தம். படமும் எழுத்தும் ஒன்றாகத் தாளில் இறங்கிவிடும். செப்புத் தகட்டில் கீறும் படத்துக்கு இந்த வசதி கிடையாது. அதில் மை பள்ளத்தில் நிற்பதால் வேறு பொறி வேண்டும், வேறாக அச்சிட வேண்டும். ஆகையால்தான் பழைய அச்சு நூல்களில் மரமும் உலோகமும் அண்ணன் தம்பியாக ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

பள்ளிப் பருவத்தில் கையெழுத்து ஏடு ஒன்றுக்குத் தலைப்பு அச்சிட நானே ஒரு மரத்துண்டில் எழுத்து வெட்டினேன். இரண்டு நாள் உழைப்பு. மை தடவி அழுத்தினால், எழுத்துகள் யாவும் முகம் திருப்பிக்கொண்டு நின்றன. இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்ற முதற்பாடமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆசிரியர் சிரித்துவிட்டு, "கண்ணாடியில் காட்டிப் படித்துக்கொள்ளலாம்" என்றார். தமிழ் எழுத்தே அறியாத அயல்நாட்டார் சிலர், நம் எழுத்தின் வளைவையும் சுழியையும் தலைகீழாக்கி உலோகத்தில் வெட்டியபோது என்ன பாடு பட்டிருப்பர் என்று பின்னாளில் எண்ணிப் பார்க்க அந்த அனுபவம் உதவியது.

சமய நூலின் முகப்பில் மரச்செதுக்குப் படம் அமைவது உலகெங்கும் இருந்த வழக்கந்தான். கி.பி. 868இல் சீனத்தில் அச்சான வச்சிர சூத்திரம், ஆண்டு குறிக்கப்பட்டுக் கிடைத்த அச்சு நூல்களில் மிகப் பழையது. அதன் தொடக்கத்திலும் புத்தர் பெருமான் போதிக்கும் காட்சி மரத்தில் வெட்டி அச்சிடப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே புனிதர் வரலாறுகள் படங்களோடு வெளிவந்தன. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே இலத்தீனில் தொகுத்த 'பொன் வரலாறு' பல மொழிகளுக்குச் சென்றது. வில்லியம் காக்ஸ்டன் 1483இல் இலண்டனுக்கு அருகே வெஸ்ட்மின்ஸ்டரில் அதனை ஆங்கிலத்தில் படங்களோடு அச்சிட்டார். 1513இல் லிஸ்பனில் 'ஃபுளோஸ் சாங்க்தோரும்' என்ற பெயரில் அது போர்த்துக்கீசிய உருப்பெற்றது. அடியார் மலர் என்பது அப்பெயரின் பொருள். இப்பெயரை நினைவில் வைத்திருங்கள். பின்னர் நம் ஊருக்குப் பக்கத்திலேயே இதனைச் சந்திக்கப் போகிறோம்.

எழுத்தறியாதவனும் படத்தைப் 'படிப்பான்' என்பது அந்நாளைய ஐரோப்பியத் திருச்சபையின் நம்பிக்கை. நம் கரைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராய்க் கிறித்தவம் தழுவினர். 1542இல் தூய சவேரியார் இங்கு வந்தார். தமிழ் அறிந்த சிலரைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் அடுத்த ஊருக்குப் போனபின் யார் சொல்லிக்கொடுப்பது? அதற்காக ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினர். வேதம் கற்பிப்பவருக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர்! போர்த்துக்கீசியக் கடிதங்களில் அச்சொல் அப்படியே ஒலிமாறி ஏறியிருக்கிறது. இவர்களுக்கான ஊதியம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரை வருவாயிலிருந்து ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அதனை இக்கணக்கப்பிள்ளைகளுக்குத் தரவேண்டுமெனச் சவேரியார் வேண்டிப் பெற்றார். மூச்சடக்கி மூழ்கியவன் எடுத்த முத்து அரசியின் காலணியாகவும், பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடமாகவும் ஆயிற்று.

எழுத்தறிந்தவர் ஊருக்கு ஒருவர் இருவரே. அவர் படிக்க, ஊர் சூழ்ந்திருந்து கேட்கும். கேட்பவன் கண்ணுக்கு முகப்புப் படம். காதுக்குக் கணக்கப்பிள்ளையின் குரல். 'தம்பிரான் வணக்கம்' வாய்விட்டுப் படிக்கவும் மனப்பாடம் செய்யவும் ஆன நூல். அதன் மொழி அப்படி அமைந்ததற்கு இதுவே காரணம்.

அந்த மொழியை ஆக்கியவர் என்றீக்கே என்றீக்கசு அடிகளார். தமிழ் வழக்கில் அண்டிரிக் அடிகளார். 1520இல் போர்த்துக்கல்லின் வில விசோசாவில் பிறந்தவர். யூத மரபினர் என்பதால் முதலில் சேர்ந்த துறவுச் சபையிலிருந்து விலக்கப்பட்டு, 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தவர் 1547 முதல் இக்கரையில் வாழ்ந்தார். மொழிபெயர்ப்பாளன் துணையின்றிப் பேச வேண்டும் என்ற வைராக்கியத்தோடு தமிழ் கற்றார். போர்த்துக்கீசிய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982இல் ஹான்ஸ் பெர்மேர் அதைப் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைனும் நம் வை. சு. இராஜமும் ஆங்கிலத்தில் தந்தனர். நன்னூலைப் படித்து எழுதிய இலக்கணமன்று அது. காதால் கேட்டு எழுதியது. அக்காலத்துக் கரைத்தமிழ் எப்படி ஒலித்தது என்று அறிய விரும்புவோருக்கு அதைவிடச் சிறந்த சான்று அரிது.

இவர் பிறப்பதற்கு முன்பே தமிழ் அச்சேறிவிட்டதா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. எனினும் கொல்லத்து நூலுக்கு இருபத்துநான்கு ஆண்டு முன்பு, 1554இல், லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாயிற்று. அதில் தமிழ் உரோமன் எழுத்தில் அமைந்தது. தமிழும் போர்த்துக்கீசியமும் கறுப்பும் சிவப்புமாய் வரிக்குவரி அச்சிடப்பட்டன. அதனை ஆக்குவதில் ஈடுபட்ட தமிழர் மூவரின் ஞானஸ்நானப் பெயர்கள் மட்டும் நமக்கு எஞ்சியுள்ளன: விசேந்தே தெ நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தொமே தா குரூசு. அவர்களைப் பெற்றோர் என்ன பெயர் சொல்லி அழைத்தனரோ! அச்சுக்கூடத்துக் குளிரில் நின்று தமிழ்ச் சொல்லை அயலெழுத்தில் ஒவ்வொன்றாக ஒலித்துக் காட்டிய அம்மூவரைப் பற்றி நம் கவிஞர்களில் யாரேனும் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அச்சுப்பொறி 1556இல் கோவாவுக்கு வந்தது. அபிசீனியாவுக்குச் செல்ல வேண்டிய பொறி அங்கே தங்கிவிட்டது என்பர். அதே கோவாவில் 1563இல் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலிலேதான் போர்த்துக்கீசியப் பெருங்கவிஞர் கமோயிஷின் கவிதை முதன்முறையாக அச்சேறியது. கவிஞர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தமிழெழுத்தை வெட்டியவர் ஜொவான் கொன்சால்வஸ் என்னும் எசுப்பானியச் சகோதரர், 1577இல் கோவாவில். அவ்வெழுத்து நிறைவளிக்கவில்லை போலும். மறு ஆண்டே ஜொவான் தெ ஃபரியா கொல்லத்தில் வேறு எழுத்து செய்தார். 'தம்பிரான் வணக்க'த்தின் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லம் எழுத்தும் மாதிரிக்காக அச்சிடப்பட்டுள்ளன. செபநூலின் இறுதியில் தொழிலாளி தன் கைவேலையைக் காட்சிக்கு வைத்திருக்கிறான்! முதற்பக்கத்தில் கடவுளின் படம், கடைசிப் பக்கத்தில் எழுத்தின் படம். இதைவிட அழகான நூலமைப்பை நான் கண்டதில்லை.

இனி எழுத்தைப் படிக்கும் தொல்லைக்கு வருவோம். பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே ஏட்டில் புள்ளியில்லை. அச்செழுத்தும் ஏட்டு வழக்கையே பின்பற்றியது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. அது வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தம். 'பொய' என்று அச்சிட்டிருந்தால் அது 'பொய்' ஆகவும் இருக்கலாம், 'போய்' ஆகவும் இருக்கலாம். முன்பின் பார்த்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். கணக்கப்பிள்ளைக்கு இது தடையாக இருந்திராது. அவர் ஏடு படித்துப் பழகியவர். எழுத்து அவருக்கு நினைவைத் தூண்டும் குறி மட்டுமே. இன்று நமக்குத்தான் ஒவ்வொரு வரியும் பாறையடியில் சிப்பி தேடுவது போல் இருக்கிறது.

சொற்களைப் பாருங்கள். கடவுளுக்குத் தேர்ந்த சொல் 'தம்பிரான்'. சைவ மடத்துத் துறவியையும் சிவபெருமானையும் குறிக்கும் சொல்லை அடிகளார் தயங்காமல் எடுத்துக்கொண்டார். வேதபாடத்துக்கு 'வணக்கம்'. இவற்றோடு போர்த்துக்கீசியச் சொற்களும் தமிழ் எழுத்தில் கலந்து வருகின்றன. பிற்காலப் புலவர்கள் இந்நடையைக் கொச்சை என்று ஒதுக்கினர். நான் அவ்வாறு ஒதுக்க மாட்டேன். சாவி, சன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், கடுதாசி, ஏலம் என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் கரையேறிய வழியும் இதுவே. என் பாட்டி சிலுவையைக் 'குருசு' என்றுதான் சொல்வார். தம் பிள்ளையின் ஞானத்தந்தையைக் 'கொம்பாதிரி' என்றுதான் அழைப்பார். அவை பிறமொழிச் சொற்கள் என்று நான் படித்த பெருமையில் சொன்னபோது, "போடா, இதெல்லாம் நம்ம தமிழ்" என்று அடக்கிவிட்டார். நானூறு ஆண்டு வாயில் புழங்கிய சொல்லைப் பற்றிய அவர் தீர்ப்பை இன்று மறுக்கும் துணிவு எனக்கில்லை.

கொல்லத்து நூலை அடுத்து 1579 நவம்பரில் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய வினாவிடை நூலின் தமிழாக்கம் அது. 1580இல் பாவசங்கீர்த்தனம் பற்றிய 'கொம்பெசியொனாயரு'. இவற்றை விரித்துப் பேச நேரமில்லை. நான் சொல்ல வந்த பெருநூல் இவற்றுக்குப் பின்னர், 1586இல் வெளிவந்தது.

'ஃபுளோஸ் சாங்க்தோரும்' என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அந்த அடியார் மலரைத் தமிழில் தந்தவரும் அண்டிரிக் அடிகளாரே. 669 பக்கங்கள். நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டது என்பது ஆய்வாளர் பெரும்பான்மையோர் கொள்கை. அச்சுத் தொழிலுக்குப் பரதவர் பொருள் தந்து துணைநின்றனர். எழுத்தும் பொறியும் மேலைக்கரையில் பிறந்தவை. அவை கீழைக்கரைக்கு வந்து, மீன்வலை உலரும் ஊரில், இத்தனை பெரிய நூலை ஈன்றன என்றால் அது சிறு நிகழ்ச்சியா? சென்னைப் பட்டினம் தோன்ற இன்னும் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சகம் நிறுவ நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு மேல் இருக்கிறது. புன்னைக்காயலுக்குச் சென்று ஆற்றுமுகத்தில் நின்றவர்கள் நம்மில் பலர் உண்டு. அங்கே நின்றபோது இந்நூல் யாருக்காவது நினைவுக்கு வந்ததா என்று கேட்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. முதல் நாலைந்து முறை எனக்கே வரவில்லை.

திருவிழா நாள்களின் வரிசையில் இயேசு, மரியன்னை, திருத்தூதர், மறைசாட்சியர், துறவியர் ஆகியோரின் வரலாறுகளைச் சொல்லும் நூல் இது. அடியார் வரலாறு தமிழுக்குப் புதிதன்று. சேக்கிழார் திருத்தொண்டர் புராணம் தந்து நானூறு ஆண்டு கழிந்துவிட்டது. அப்புராணத்தில் நாகையின் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர் வருகிறார். நாளும் வலையில் விழும் முதல் மீனை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒரே மீன் கிடைத்த நாளிலும், அது பொன்மீனாய் வந்த நாளிலும் விட்டவர். கடலோரத்து மக்களுக்கு அடியார் கதை கேட்கும் காது முன்பே இருந்தது. மீனவரான பேதுருவின் கதையைத் தமிழில் கேட்ட பரதவன் அதை அயலான் கதையாகக் கேட்டிருக்க மாட்டான். வேறுபாடு ஒன்றே. சேக்கிழார் பாட்டில் சொன்னார். அண்டிரிக் அடிகளார் உரைநடையில் சொன்னார். உரையாசிரியர்களின் உரைநடை மூலநூலைத் தாங்கி நிற்பது. கதையை நேரே சொல்லி 669 பக்கம் நீளும் உரைநடை அதற்கு முன் தமிழில் எது? தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் வீரமாமுனிவரிடத்தோ ஆறுமுக நாவலரிடத்தோ போய் நிற்கின்றனர். புன்னைக்காயலுக்கு ஒரு பத்தி கொடுத்தால் அதுவே அருள். இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அடிகளார் 1600ஆம் ஆண்டு பிப்ரவரியில் புன்னைக்காயலில் காலமானார். தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரோடு அச்சும் ஓய்ந்தது என்றே சொல்லலாம். எழுத்து வெட்டிய கொன்சால்வசும் ஃபரியாவும் முன்னரே மறைந்திருந்தனர். தமிழெழுத்து செய்யத் தெரிந்த கை இல்லாமற் போயிற்று. ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, 1679இல், கேரளத்து அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி வெளிவந்தது. அதற்கான எழுத்துகளை இஞ்ஞாசி ஆச்சாமணி என்பவர் மரத்தில் வெட்டினார். உலோகத்தில் தொடங்கிய தமிழெழுத்து மரத்துக்குத் திரும்பியது. படத்துக்கு மட்டும் பயன்பட்ட மரம் எழுத்தையும் சுமந்தது.

அச்சிட்ட நூல்கள் என்ன ஆயின? கடற்காற்றின் உப்பையும் கரையானையும் நாம் அறிவோம். போர்களும் இருந்தன. டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அன்றாடம் கையில் புழங்கிய நூல் கிழிந்துதான் போகும்; செபநூலுக்கு அதுவே பெருமையுங்கூட. ஒருவரும் புரட்டாமல் ஐரோப்பிய நூலக அடுக்கில் உறங்கிய படிகளே பிழைத்தன. 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தை அடைந்தது. கியோர்க் ஷுர்ஹாமரும் காட்ரெலும் 1952இல் அதைப் பற்றி விரிவாக எழுதியபின்னரே உலகம் அறிந்தது. 'ஃபுளோஸ் சாங்க்தோரும்' வத்திக்கான் நூலகத்தில். குறைப்படி ஒன்று கோபன்ஹேகனில். அது பற்றி கிரகாம் ஷா 1993இல் எழுதினார்.

வத்திக்கானில் கிடந்த பெருநூலை 1950களில் தமிழுலகுக்கு அறிவித்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தார். நம் நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தவர். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தோற்றுவித்தவர். ஐரோப்பிய நூலகங்களில் தூசு தட்டித் தேடினார். கண்டதைப் படித்துப் பதிப்பித்தவர் இயேசு சபையின் ச. இராசமாணிக்கம் அடிகளார். 'தம்பிரான் வணக்க'மும் 'கிரீசித்தியானி வணக்க'மும் 1963இல் வெளிவந்தன. பெருநூல் 'அடியார் வரலாறு' என்னும் பெயரோடு 1967இல் வெளிவந்தது. மூன்றையும் வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே. புள்ளியில்லா அச்சைப் பக்கம் பக்கமாகப் படித்து, 'பொய'வா 'போய்'ஆ என்று தீர்மானித்துத் தந்த அவ்வுழைப்புக்கு நாம் பட்ட கடன் பெரிது. கரையை விட்டுப் போன நூல், முந்நூற்றெண்பது ஆண்டு கழித்து, பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊரிலேயே மறுபடி அச்சேறியது.

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. அந்த 1967ஆம் ஆண்டுப் பதிப்பும் இப்போது அரிய நூலாகிவிட்டது. இவ்வுரைக்காக அதைத் தேடி அலைந்தேன். ஒரு நூலகத்தில் பட்டியலில் இருந்தது, அடுக்கில் இல்லை. இன்னொன்றில் அடுக்கில் இருந்தது, முன்பக்கங்கள் இல்லை. தொட்டால் தாள் ஓரம் உதிர்கிறது. கடைசியில் ஒரு நண்பர் வீட்டுப் பெட்டியிலிருந்து கிடைத்தது; அவருடைய தந்தையார் வாங்கியது, பக்கம் வெட்டப்படாமலே இருந்தது. நானே கத்தி வைத்துப் பக்கம் பிரித்தேன். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒருவரும் படிக்காமல் நம் ஊரிலேயே உறங்கிய படி! வத்திக்கானைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

மூலப்படி திரும்பி வர வேண்டும் என்று தீர்மானம் போட நான் எழவில்லை. அது நம் கையில் இல்லை. அங்கே அது பத்திரமாகவும் இருக்கிறது. நம் கையில் இருப்பவை 1963, 1967ஆம் ஆண்டுப் பதிப்புகள். அவற்றில் எத்தனை படிகள் இக்கரையில் எஞ்சியுள்ளன என்று எண்ணியாவது பார்க்கலாம் அல்லவா? மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், வேம்பாறு என்று நம் உறுப்பினர் பல ஊர்களில் இருக்கிறார்கள். பங்கு மனையில், பள்ளி நூலகத்தில், தாத்தாவின் இரும்புப்பெட்டியில் பாருங்கள். கிடைத்தால் எடுத்து வர வேண்டாம், தாள் தாங்காது. எந்த ஊர், எந்த வீடு, எந்த நிலை என்று ஒரு அஞ்சலட்டையில் செயலாளருக்கு எழுதுங்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கும் பொறுப்பை இளைஞர் இருவர் ஏற்றிருக்கின்றனர்.

கவிஞர்களுக்குத் தனியாக ஒன்று. இந்நூல்களைச் சமய நூல் என்று ஒரு சாராரும், கொச்சைத்தமிழ் என்று மறு சாராரும் மூடிவைத்துவிட்டனர். நீங்கள் திறந்து பாருங்கள். சொல்லுக்குச் சொல் கிடைக்காத இடத்தில் ஒருவர் என்ன செய்தார் என்று பாருங்கள். அருள், பாவம், மன்னிப்பு ஆகிய சொற்களைக் கடற்கரை மனிதனின் வாயில் வைக்க அவர் எங்கெங்கே தட்டித் தடுமாறினார், எங்கே நேராகச் சென்று தைத்தார் என்று பாருங்கள். அத்தடுமாற்றம் நமக்கும் பழக்கமானதுதானே.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. 'தம்பிரான் வணக்க'த்தின் பதினாறு பக்க நிழற்படமும், நண்பர் தந்த 1967ஆம் ஆண்டுப் பதிப்பும் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. தேநீருக்குப் போகும் வழியில் பாருங்கள். முதலில் முகப்புப் படம், பிறகு கடைசிப் பக்கம். கோவா எழுத்தையும் கொல்லம் எழுத்தையும் பக்கத்தில் வைத்து நோக்குங்கள். எது அழகு என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.